தலை குனிந்திருக்கும் மணப்பெண்

மத்தியான வேலை மூன்று மணிக்கு முடியும். இரவு வேலைக்கு ஆறு மணிக்குத் திரும்பவும் ஏப்ரனைக் கட்டவேண்டும். இடையில் கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் அறைக்குப் போய்வர நினைத்தால் அது மெத்றோவிலேயே கழிந்துவிடும். ஆகவே பாரிஸில் றெஸ்ரோரண்ட் வேலை செய்கிற எம்மவர் பலரைப்போல நானும் அந்த நேரத்தை நடந்தே போக்கப் பழகிவிட்டேன். சேன் நதிக்கரை மதிலில் பச்சைப் பெட்டிகளைத் திறந்துவைத்துப் பழைய புத்தகம் விற்பவர்களை, இந்த நகரத்துக்கு ஒருதரம் வந்துபோனவர்கள்கூடக் கண்டிருப்பீர்கள். அப்படியான ஒரு பெட்டியில்தான், பழைய தேசப்படங்களுக்கும் பூக்களின் படங்களுக்கும் நடுவில், இந்தப் படம் அகப்பட்டது. மூலப்பிரதி அல்ல. அதை வாங்க என் ஒரு வருடச் சம்பளமும் போதாமல் போகலாம். ஏதோ கலைப் புத்தகத்திலிருந்து கழற்றிய தாள். கீழே பிரெஞ்சில் மூன்று விடயங்கள் இருந்தன. அலெக்சாண்டரினதும் றொக்ஸானாவினதும் திருமணம், செதுக்கியவர் கரால்யோ, றபாயேலின் வரைவைப் பின்பற்றியது.

படம் இதுதான். ஒரு மணவறை. கட்டிலின் ஓரத்தில் மணப்பெண் இருக்கிறாள். எதிரே அலெக்சாண்டர் நின்று ஒரு முடியை நீட்டுகிறான். சுற்றிவரச் சிறகு முளைத்த மன்மதக் குழந்தைகள். ஒருவன் மணப்பெண்ணின் முக்காட்டை விலக்குகிறான். ஒருவன் அவளுடைய செருப்பைக் கழற்றுகிறான். ஒருவன் அரசனை அவள் பக்கமாக இழுக்கிறான். மிச்சப்பேர் அரசனின் ஆயுதங்களைத் தூக்கிவைத்து விளையாடுகிறார்கள். இந்தப் படத்தில் எல்லோருக்கும் ஏதோவொரு வேலை இருக்கிறது. வேலையில்லாமல் இருப்பவள் மணப்பெண் மட்டும்தான். அவள் தலையைக் குனிந்திருக்கிறாள்.

அந்தக் குனிந்த தலையை நான் வேறொரு படத்தில் ஏலவே பார்த்திருந்தேன். 2014ஆம் ஆண்டு ஊரில் நடந்த என் தங்கச்சியின் கலியாண அல்பத்தில்.

அந்தக் கலியாணத்துக்கு நான் போகவில்லை. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவனுக்குக் கொடுக்கிற பயணப்பத்திரத்தோடு பல நாடுகளுக்குப் போகலாம். தன் நாட்டுக்கு மட்டும் போகமுடியாது. ஆகவே அம்மா தொலைபேசியில் எனக்குக் கலியாணத்தைச் சொன்னா. மணவறைச் சோடனை, கூறைச்சேலையின் நிறம், ஆர் ஆர் வந்தது, ஆர் வரவில்லை, ஐயர் எவ்வளவு பிந்தினார் என்று இரண்டு மணித்தியாலம். நான் வெங்காயம் உரித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவில் சொன்னா: “பிள்ளை தலை நிமிரவே இல்லையடா. அவ்வளவு வெக்கம்.” மூன்று மாதம் கழித்து அல்பம் வந்தது. அதில் அம்மா சொன்னபடியே எல்லாம் இருந்தது. தங்கச்சி குனிந்த தலையோடு இருந்தாள்.

இந்தப் படத்தின் வரலாற்றைத் தேடி நான் நூலகத்துக்குப் போனதற்குக் காரணம் அதுதான். இதுவும், நேரில் காணாத ஒரு கலியாணத்தை மற்றவர் சொல்லக்கேட்டுப் பார்த்தவர்களின் கதை.

*

முதலில் ஒரு கிரேக்க ஓவியன் இருந்தான். பெயர் ஏத்தியோன். அவன் இந்தத் திருமணத்தை வரைந்து ஒலிம்பியாவுக்குக் கொண்டுபோய், விளையாட்டு விழாவுக்குக் கூடியிருந்த சனத்தின் முன்னே வைத்தான். அந்தப் படம் அழிந்துவிட்டது. அது இருந்தது என்பதை நாம் அறிவது லூசியன் என்ற எழுத்தாளன் மூலமாக. கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவன். யூப்பிரட்டீஸ் நதிக்கரையில் இருந்த சமோசாட்டா என்ற ஊரில் பிறந்தவன். தன்னைச் சிரியாக்காரன் என்று சொல்லிக்கொண்டவன், ஆனால் எழுதியது கிரேக்கத்தில். (அந்தப் பழைய ஊர் இன்று துருக்கியில் ஓர் அணைக்கட்டின் நீருக்கடியில் கிடக்கிறது.) அந்த ஓவியத்தை இத்தாலியில் தான் நேரில் கண்டதாக லூசியன் எழுதுகிறான். பிறகு ஒவ்வொன்றாகச் சொல்கிறான்: அழகான அறை, மணக்கட்டில், நிலத்தைப் பார்த்தபடி றொக்ஸானா, முக்காட்டை விலக்கும் மன்மதன், செருப்பைக் கழற்றும் மன்மதன், மேலங்கியைப் பிடித்து அரசனை இழுக்கும் மன்மதன், தீப்பந்தத்தோடு தோழன் ஹெபைஸ்தியோன், அவன் சாய்ந்து நிற்கும் திருமணத் தேவன்.

பிறகு ஆயுதங்கள். இரண்டு குழந்தைகள் அரசனின் ஈட்டியைத் தூக்குகின்றன. பாரமான மரத்தைச் சுமக்கிற சுமைகூலிகளைப்போல என்று லூசியனே உவமை சொல்கிறான். வேறு இருவர், கேடயத்தின் மேல் ஒருவனைக் கிடத்தி அதன் பிடிகளில் பிடித்து இழுத்துப்போகிறார்கள். ஒருவன் மார்புக் கவசத்துக்குள் புகுந்து மற்றவர்களை வெருட்டுவதற்குக் காத்திருக்கிறான். இது வெறும் விளையாட்டல்ல, காதலின் நடுவிலும் அலெக்சாண்டர் ஆயுதத்தை மறக்கவில்லை என்பதைத்தான் ஓவியன் காட்டினான் என்பது லூசியனின் விளக்கம். தினமும் உருளைக்கிழங்கு மூட்டையை நிலவறைக்கு இறக்குகிற எனக்கு அந்தச் சுமைகூலிகள்தான் முதலில் கண்ணில் பட்டார்கள். அரசன் காதலிக்கிற நேரத்திலும் அவனுடைய ஈட்டியை யாரோ தூக்கவேண்டியிருக்கிறது.

லூசியன் இன்னொன்றும் சொல்கிறான். படத்தைக் கண்ட விழா நடுவர்களில் ஒருவரான புரொக்செனிடஸ் என்பவர் மனம் மகிழ்ந்து, தன் மகளை ஏத்தியோனுக்குக் கட்டிக்கொடுத்தாராம். திருமணத்தை வரைந்தவனுக்குப் பரிசும் திருமணம். அந்த மகளின் பெயரை லூசியன் சொல்லவில்லை. அவள் தலை நிமிர்ந்தாளா குனிந்தாளா என்பதையும் சொல்லவில்லை.

ஏறக்குறைய ஆயிரத்து முன்னூறு வருடம் கழித்து, இத்தாலியில் கிரேக்க நூல்களைத் திரும்பவும் வாசிக்கத் தொடங்கியபோது, அழிந்துபோன படங்களை அந்தச் சொற்களிலிருந்து மீட்டெடுக்கும் ஆசை ஓவியர்களுக்குப் பிறந்தது. றபாயேல் (1483-1520) வட்டத்தில் இந்தத் திருமணத்துக்கான வரைவுகள் உருவாயின. அவற்றில் ஒன்று இன்று வியன்னாவில் அல்பேர்ட்டினா அரும்பொருளகத்தில் இருக்கிறது. சிவப்புச் சுண்ணக்கட்டியால் வரைந்தது. அதில் உருவங்கள் ஆடையில்லாமல் இருக்கின்றன. முதலில் உடம்பைச் சரியாகப் போட்டுவிட்டுப் பிறகு உடுப்பைப் போடுவது அந்தக் காலத்து ஓவியக்கூடங்களின் வழக்கம்.

அந்த வரைவைச் செப்புத் தகட்டுக்குக் கொண்டுவந்தவர்தான் ஜியான் ஜியாக்கொமோ கரால்யோ. செப்புச் செதுக்கல், தட்டாரின் பட்டறையில் பிறந்த கலை. நகையில் பூவேலை செய்கிற அதே உளியால் தகட்டில் கோடு கீறி, கோட்டுக்குள் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரக் காகிதத்தை வைத்து அழுத்தினால் கோடுகள் காகிதத்துக்கு ஏறிவிடும். கரால்யோ பொற்கொல்லராகவும் இரத்தினக்கல்லில் உருவம் செதுக்குபவராகவும் இருந்தவர். தாலிக்கு அச்சு வெட்டுகிற எங்களூர்த் தட்டாருக்கு அவருடைய ஆயுதங்கள் அந்நியமாக இருந்திரா. ஒரு சுவரோவியத்தைப் பார்க்க நாம் அது இருக்கும் ஊருக்குப் போகவேண்டும். அச்சுப்படமோ நம்மைத் தேடி வரும். பையில் போகும், கடல் தாண்டும், ஐந்நூறு வருடம் கழித்து ஒரு பச்சைப் பெட்டிக்குள்ளும் கிடக்கும்.

செதுக்கியவரும் அப்படியே அலைந்தார். 1527ஆம் ஆண்டு பேரரசன் ஐந்தாம் சார்ள்சின் படைகள் றோமைச் சூறையாடின. றபாயேலின் வட்டத்தைச் சேர்ந்தவர்கள் திசைக்கொருவராகச் சிதறினார்கள். கரால்யோ வெனிஸுக்குப் போனார். 1539 அளவில் போலந்து அரசன் முதலாம் சிகிஸ்முண்டின் சபையில் இருந்தார். 1565இல் கிராக்கோவ் நகரில் இறந்தார். தன் தொழிலைக் கையில் கொண்டுபோக முடிந்தபடியால் அவருக்கு அங்கே மரியாதையான வாழ்வு கிடைத்தது. எல்லா அகதிகளுக்கும் அது கிடைப்பதில்லை.

*

இதே திருமணம் ஒரு சுவரிலும் ஏறியது. றோமில், தீபர் நதிக்கரையில், அகோஸ்தீனோ கீஜி என்ற வங்கியாளர் ஒரு மாளிகை கட்டியிருந்தார். பாப்பரசர்களுக்கே கடன் கொடுத்தவர். இன்று ஃபர்னேசினா என்று அழைக்கப்படும் அந்த மாளிகையின் படுக்கையறையில், சோடோமா என்று அறியப்பட்ட ஓவியர் ஜியோவான்னி அந்தோனியோ பாஸ்ஸி, 1519 அளவில், லூசியன் சொன்ன அதே காட்சியைப் பெரிதாக வரைந்தார். அதே அறையில், தோற்ற பாரசீக அரசன் தாரியஸின் குடும்பத்துப் பெண்கள் அலெக்சாண்டரின் முன் மண்டியிடும் காட்சியும் இருக்கிறது. ஒரு சுவரில் சிறைப்பட்ட பெண்கள், இன்னொரு சுவரில் மணப்பெண். இரண்டையும் ஒரே அறையில் வைத்தவர்களுக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரிந்திருக்காது.

1519 ஆகஸ்ட் 28ஆம் திகதி கீஜி தன் திருமணத்தை நடத்தினார். பாப்பரசர் பத்தாம் லியோவே நடத்திவைத்தார். மணப்பெண் பிரான்செஸ்கா ஓர்தெயாஸ்கி, வெனிஸிலிருந்து வந்த ஒரு பலசரக்குக் கடைக்காரரின் மகள். அதற்கு முன்பே அவருடன் பல வருடம் வாழ்ந்து பிள்ளைகளும் பெற்றிருந்தாள். பெரும் பணக்காரனுக்கும் கடைக்காரன் மகளுக்கும் இடையிலான உறவைக் கௌரவமாக்க, அரசன் ஒருவன் சிறைப்பட்ட ஒருத்தியை மணந்த பழங்கதை உதவியது என்று கலை வரலாற்றாசிரியர்கள் வாசிக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தூரதேசத்தில், வேறொருவர் வீட்டுப் படுக்கையறையில், அந்தக் குனிந்த தலையைத் தினமும் பார்த்தபடி கண்விழித்த கடைக்காரரின் மகள் அதை எப்படி வாசித்தாள் என்பது எவருடைய குறிப்பிலும் இல்லை. அடுத்த ஏப்ரலில் கீஜி இறந்துவிட்டார்.

*

இனி, உண்மையில் நடந்த கலியாணத்துக்கு வருவோம்.

நான் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் வரலாறு படித்தவன். மூன்றாம் வருடத்தை முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் குறிப்புகளில் அலெக்சாண்டர் என்றால் கிரானிக்கஸ், இஸ்ஸஸ், கௌகமேலா என்று போர்களின் வரிசை. றொக்ஸானா ஒரேயொரு வரி. அந்த வரிக்குள் இருந்ததை இங்கேதான் வாசித்தேன்.

கி.மு. 327. இன்றைய உஸ்பெகிஸ்தான், தஜிகிஸ்தான் பக்கத்தில் சொக்டியானா என்ற நாடு. இரண்டு வருடமாக அலெக்சாண்டரை எதிர்த்து நின்ற நாடு. சனம் ஒரு மலைப்பாறைக் கோட்டையில் அடைக்கலம் புகுந்திருந்தது. சரணடையச் சொன்னபோது, சிறகு முளைத்த படைவீரர்களைத் தேடிக்கொண்டு வா என்று மேலிருந்தவர்கள் சிரித்தார்கள். அர்ரியானோஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதுவதன்படி, முந்நூறு வீரர்கள் கூடாரத்து இரும்பு முளைகளைப் பனியில் அறைந்து, கயிறு கட்டி இரவோடிரவாக ஏறினார்கள். முப்பது பேரளவில் விழுந்து செத்தார்கள். அவர்களின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. விடிந்ததும், உங்கள் தலைக்கு மேலே பாருங்கள், சிறகு முளைத்தவர்கள் வந்துவிட்டார்கள் என்று அலெக்சாண்டர் அறிவித்தான். கோட்டை விழுந்தது. சிறைப்பட்டவர்களுக்குள் ஒக்சியார்த்தீஸ் என்ற பிரபுவின் குடும்பமும் இருந்தது. அவருடைய மகள்தான் றொக்ஸானா. அது கிரேக்க வாயில் திரிந்த பெயர். மூலச்சொல்லுக்கு ஒளி என்று பொருள். எங்கள் பெயர்களை ஐரோப்பியக் கந்தோர்கள் என்ன பாடுபடுத்துகின்றன என்பதை நாம் அறிவோம்.

இதை வாசித்த பிறகு படத்தில் இருக்கும் சிறகுக் குழந்தைகளைப் பழைய மாதிரிப் பார்க்க என்னால் முடியவில்லை. சிறகோடு வந்தவர்கள் முதலில் அவளுடைய கோட்டையைப் பிடித்தார்கள். பிறகு ஓவியத்தில் வந்து அவளுடைய முக்காட்டை விலக்குகிறார்கள்.

சிறைப்பிடித்தவளைப் பலவந்தம் செய்யாமல் முறைப்படி மணந்தான் என்று அர்ரியானோஸ் அலெக்சாண்டரைப் புகழ்கிறார். ஒரு பாணை வாளால் இரண்டாக வெட்டி இருவரும் உண்பது மக்கெடோனிய மணச்சடங்கு. அப்படியே செய்தான் என்று கூர்த்தியுஸ் எழுதுகிறார். அவன் காதல்வசப்பட்டதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்தக் கலியாணத்தோடு சொக்டியானாவின் எதிர்ப்பு அடங்கியது. மாமனாருக்கு இந்துகுஷ் மலைப்பகுதியின் ஆளுநர் பதவி கிடைத்தது. ஒரு போர் கலியாணமாக முடிந்தது. மூன்று வருடம் கழித்து, கி.மு. 324இல், சூசா நகரத்தில் அலெக்சாண்டர் தாரியஸின் மகளையும் மணந்தான். அதே விழாவில் அவனுடைய தளபதிகளில் எண்பது பேரளவில் பாரசீகப் பெண்களை மணந்தார்கள்.

அடுத்த ஆண்டு பாபிலோனில் அலெக்சாண்டர் செத்தான். றொக்ஸானா அப்போது கர்ப்பிணி. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அரசைக் கொடுப்பதா என்று தளபதிகள் கூடியபோது, சிறைப்பட்டவளின் பிள்ளை எங்களை ஆள்வதா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். ஓவியர்கள் மறந்த அந்தச் சொல்லைப் படைக்கூட்டம் மறக்கவேயில்லை. முடி சூட்டப்பட்டும் அவள் சிறைப்பட்டவள்தான்.

அவளை வெறும் பாவப்பட்டவளாக எழுதிவிடவும் முடியாது. தாரியஸின் மகளைப் பொய்க் கடிதம் ஒன்றால் அழைப்பித்து, அவளையும் அவளுடைய சகோதரியையும் கொல்வித்து, உடல்களைக் கிணற்றில் போட்டு மூடுவித்தாள் என்று புளுத்தார்க் சொல்கிறார். பிள்ளை வயிற்றில் இருக்க, எதிரிகள் சுற்றிவர நின்ற ஒருத்தி தெரிந்தெடுத்த வழி அது. அதை நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் குனிந்த தலைக்குள் ஒன்றுமில்லை என்று நினைத்த ஓவியர்கள் அனைவரும் பிழைவிட்டார்கள் என்பது மட்டும் தெரிகிறது.

பிறகு அவள் பார்த்தேயிராத மக்கெடோனியாவுக்குப் பிள்ளையோடு கொண்டுபோகப்பட்டாள். அலெக்சாண்டரின் தாய் ஒலிம்பியாஸின் பாதுகாப்பில் இருந்தாள். கசாந்தர் ஒலிம்பியாஸைத் தோற்கடித்துக் கொல்வித்தபின், தாயையும் பிள்ளையையும் அம்பிபொலிஸ் கோட்டையில் அடைத்தான். பிள்ளைக்குச் சேவகம் செய்த சிறுவர்களை நிறுத்தி, அவனைச் சாதாரண ஆளாகவே நடத்தும்படி கட்டளையிட்டான். கி.மு. 311இல் தளபதிகள் செய்த சமாதான உடன்படிக்கையில், றொக்ஸானாவின் மகன் வயதுக்கு வரும்வரை கசாந்தரே ஐரோப்பாவின் தளபதி என்று ஒரு வாசகம் இருந்தது. பிள்ளை வயதுக்கு வராமல் இருந்தால்தான் அவனுடைய பதவி நிலைக்கும். அந்த ஒரு வாசகம் போதுமாயிருந்தது. காவலனுக்கு இரகசியக் கட்டளை போனது: இருவரையும் கொல், உடல்களை மறை. பிள்ளைக்கு வயது பதின்மூன்றளவு.

1977-78இல் வட கிரேக்கத்தின் வெர்ஜினா என்ற ஊரில் மனோலிஸ் அந்த்ரோனிகோஸ் அரச கல்லறைகளை அகழ்ந்தார். அவற்றில் ஒன்றில், ஒரு வெள்ளிக் குடத்துக்குள் ஒரு பையனின் எரிந்த எலும்புகள் இருந்தன. குடத்தில் பொன்னாலான ஓக் இலை மாலை. அது றொக்ஸானாவின் மகன் என்பதே பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. தாயை அங்கே காணவில்லை. 2014இல், அதாவது என் தங்கச்சி கலியாணம் செய்த அதே ஆண்டில், அம்பிபொலிஸில் ஒரு பெரிய கல்லறை திறக்கப்பட்டபோது றொக்ஸானா கிடைத்துவிட்டாளோ என்று பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஜனவரியில் எலும்புகளின் விபரம் வந்தது. அங்கே இருந்த பெண் அறுபது வயதைக் கடந்தவள். அந்த வயதுவரைக்கும் வாழ றொக்ஸானாவை யாரும் விட்டுவைக்கவில்லை. பையனுக்காவது தகப்பன் வழியில் ஒரு பொன்மாலை கிடைத்தது. உடல்களை மறை என்ற கட்டளை தாயின் விடயத்தில் இன்றுவரை நிறைவேறிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் உடல் எங்கே என்று கேட்டுத் தெருவோரத்தில் இருக்கும் தாய்மாரைக் கொண்ட எம்மவருக்கு இந்தக் கட்டளையை விளக்கத் தேவையில்லை.

*

தங்கச்சிக்குக் கெட்டது எதுவும் நடந்துவிடவில்லை; அதைச் சொல்லிவிடவேண்டும். மச்சான் நல்ல மனிதர். கலியாணம் முடிந்து மூன்றாம் கிழமை அவர் கனடா திரும்பிவிட்டார். அவள் ஒன்றரை வருடம் காத்திருந்து பிறகு போய்ச்சேர்ந்தாள். இப்போது இரண்டு பிள்ளைகள். போய் நாலாம் வருடம் ஒருநாள் தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தபோது, அல்பத்தில் நீ தலை நிமிரவேயில்லையே, அவ்வளவு வெட்கமா என்று பகிடியாகக் கேட்டேன்.

“வெக்கமோ? என்ர பாஸ்போட்டை ஸ்பொன்சர் அலுவலுக்கெண்டு மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வாங்கிப்போட்டினம். அது இப்ப ஆற்றை கையிலை இருக்கு, இந்தச் சனத்திலை ஆரிட்டைக் கேக்கிறது எண்டுதான் அண்டு முழுக்க யோசிச்சனான் அண்ணா.”

அம்மா பொய் சொல்லவில்லை. கண்டதைத்தான் சொன்னா. லூசியனும் கண்டதைத்தான் சொன்னான். றபாயேல் வட்டத்தார் கேட்டதை வரைந்தார்கள், கரால்யோ கிடைத்ததைச் செதுக்கினார், நான் வாங்கியதைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். குனிந்த தலை கைமாறிக் கைமாறி எங்களிடம் அப்படியே வந்துசேர்ந்திருக்கிறது. அதற்குக் கொடுத்த ‘நாணம்’ என்ற பெயரும் கூடவே வந்திருக்கிறது. கேட்கக்கூடியவளாக ஒருத்தி தொலைபேசியின் மறுமுனையில் இருந்தும், எனக்குக் கேட்கத் தோன்றவே ஐந்து வருடத்துக்கு மேல் எடுத்தது.

போன மாதம் இந்தப் படத்தை அவளுக்குத் தொலைபேசியில் அனுப்பினேன். இது ஆர் என்று கேட்டாள். கதையைச் சொன்னேன். மறுமுனையில் பிள்ளைகள் சத்தம்போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“செருப்பைக் கழட்டிறவனைப் பாத்தீங்களே அண்ணா? அது இல்லாட்டி அவள் ஓடேலாது.”

மணி ஐந்தரை. நான் வேலைக்குத் திரும்பி நடந்தேன்.